பொட்டாசியம் இறங்கிய பிறகு

“நீ டாக்டருக்கா படிக்கிற? கணக்குக்குத்தானே படிக்கிற. அப்புறம் என்னா பெருசா ரத்த ரிப்போட்ட வச்சிக்கிட்டு வெளக்கம் சொல்ற?”

பெரியப்பா இதைச் சொன்னபோது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தீபாவளி விடுமுறைக்கு சுங்கை சிப்புட் வந்திருந்தேன். அவருடைய சர்க்கரை அளவு வரம்பைத் தாண்டிவிட்டது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு அதிரசத்தை எடுத்துக் கடித்தார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். காகிதத்தை மட்டும் கீழே வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஆரம்பப் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபிறகு வெளியே வந்து மண் லோரி ஓட்டுகிறார். அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறார். ஆகவே எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். தண்ணீர் பில், காடி என்று நாங்கள் சொல்கிற காரின் இன்சூரன்ஸ், உறவுக்காரர்களின் ரத்தப் பரிசோதனை எல்லாம். எனக்கு அதில் பெருமை உண்டு. மறைக்க ஒன்றுமில்லை.

ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அதன் அமைப்பு எளிது. இடப்பக்கம் எதைச் சோதித்தார்கள் என்ற பெயர். நடுவில் உங்கள் எண். வலப்பக்கம் அந்த எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பு. உங்கள் எண் வரம்புக்கு வெளியே இருந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். நட்சத்திரம் என்றாலே நோய் என்று அர்த்தமில்லை. ஆரோக்கியமான பெரும்பாலோருக்கு வருகிற அளவுதான் வரம்பு. நல்ல உடம்புக்காரர் சிலரும் அதற்குக் கொஞ்சம் வெளியே விழுவார்கள். எவ்வளவு தூரம் வெளியே, முன்பு எப்படி இருந்தது, மறுபடி எடுத்தால் எப்படி வருகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். இதையெல்லாம் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

படிப்பு முடிந்து ஆசிரியர் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் உடல் பரிசோதனை. முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் கிளினிக்குப் போனேன். தாதி, எங்கள் பேச்சில் மிஸி, என் கையில் பட்டையை இறுக்கிக் கட்டினார். நரம்பு எழுந்தது. ஒரே ஊசிதான், குழாய்களை மாற்றி மாற்றிச் செருகினார். ஊதா மூடிக் குழாய் ரத்த அணுக்களை எண்ண. மஞ்சள் மூடி சிறுநீரகம், ஈரல், உப்புகளுக்கு. சாம்பல் மூடி சர்க்கரைக்கு.

“பயமா இருந்தா அந்தப் பக்கம் பாருங்க,” என்றார்.

“பயமில்ல மிஸி,” என்றேன். உண்மையில் இல்லை.

அறிக்கை வந்தபோது கிரியேட்டினின் என்ற பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தது. தசைகள் வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியேற்றவேண்டும். ரத்தத்தில் அது தேங்கினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். என் எண் மேல் வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு எண்: முப்பத்திரண்டு. கிரியேட்டினினோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்கிற எண். ஏறக்குறைய நூற்றுக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

கைத்தொலைபேசியில் அந்தச் சூத்திரத்தைத் தேடி நானே போட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டுதான் வந்தது. விடை சரியாக வந்ததில் ஒரு திருப்திகூட இருந்தது. பிறகு எழுந்துபோய்த் துணி காயப்போட்டேன்.

மறுபடியும் எடுத்தார்கள். அதே அளவு. சிறுநீரில் புரதம் ஒழுகுவதும் தெரிந்தது. என் சிறுநீரில் நுரை வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். கழிப்பறை கழுவுகிற சோப்பு என்று நினைத்திருந்தேன். கிளினிக் டாக்டர் அந்தப் புரத ஒழுக்கைக் குறைக்க ஒரு மாத்திரை கொடுத்து, ஈப்போவில் ஓர் அரசு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறைக்கவேண்டும், தண்ணீர் போதுமான அளவு குடிக்கவேண்டும், நாட்டு மருந்து, வேர், மலாய்க்காரர்களின் ஜாமு எதையும் தொடக்கூடாது என்றார். நாங்கள் அதெல்லாம் எடுப்பதில்லை என்றேன்.

வீட்டில் இரண்டே வாக்கியத்தில் சொன்னேன்.

“கிட்னி கொஞ்சம் மெதுவா வேல செய்யுதாம். தண்ணி நல்லா குடிக்கச் சொன்னாங்க.”

அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, “சூடுலா அது,” என்றார். “ராவெல்லாம் கண்ணு முழிச்சிப் படிச்ச சூடு. வெறும் தண்ணி எதுக்குக் குடிக்கிற? இளநி குடி.”

“அவ டாக்டர் தண்ணின்னுதானே சொல்லியிருக்காரு,” என்றார் அம்மா.

“இளநி என்னா, தண்ணி இல்லியா?”

அம்மா மறுபடி அடுப்பைப் பெரிதாக்கினார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

வீட்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரமாக, நாங்கள் குடிவந்தபோது அப்பா வைத்த தென்னை இருக்கிறது. மறுநாளிலிருந்து லோரி எடுக்கப் போகும்முன் இரண்டு காய் வெட்டி, வழுக்கையைச் சுரண்டிப் போட்டு, எவர்சில்வர் குவளையில் ஊற்றித் தட்டால் மூடி வைத்துவிட்டுப் போனார். காலையில் பசியாறுவதற்கு முன் குடித்துவிடவேண்டும். சாயங்காலம் வந்ததும் இன்னொன்று. அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. குவளையைத் தூக்கிப் பார்ப்பார். காலியாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போவார். நான் ஒருநாளும் மிச்சம் வைக்கவில்லை.

ஈப்போவுக்கு அம்மாவோடு பஸ்ஸில் போனேன். காத்திருக்கும் கூடத்தில் நாற்காலி கிடைக்கவே நேரமாயிற்று. எண் எடுத்து ரத்தம் கொடுத்தோம், இன்னொரு எண் எடுத்து டாக்டருக்காக உட்கார்ந்தோம். அம்மா மீகூன் என்கிற அரிசிச் சேமியா கட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்திலிருந்த மலாய்ப் பெண்மணிக்கும் கொஞ்சம் கொடுத்தார். இருவரும் எதையோ பேசிச் சிரித்தார்கள். நான் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மொச்சைக்கொட்டை மாதிரி இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

டாக்டர் தமிழ்ப்பெண். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருக்கும். நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறேனா என்று இவரும் கேட்டார்; இல்லை என்றேன்.

“கிரியேட்டினின் எவ்வளவு கெட்டுப்போயிருக்குன்னு சொல்லும். ஏன் கெட்டுச்சுன்னு சொல்லாது,” என்றார். “ஏன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு ஏத்த மருந்து குடுக்க முடியும். அதுக்கு பயாப்சி செய்யணும்.”

முதுகுப்பக்கம் மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி ஊசியை உள்ளே விட்டு, சிறுநீரகத்திலிருந்து நூல் கனத்தில் ஓரிரு துணுக்குகள் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிலருக்கு ரத்தக்கசிவு வரலாம். பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

“சில வகை நோயின்னா மருந்து குடுத்து நிறுத்தி வைக்கலாம். லேட் பண்ணா இருக்கிறதும் போயிரும்,” என்றார்.

“வீட்ல கேட்டுச் சொல்றேன் டாக்டர்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பல்கலைக்கழகம் போவதற்கோ, வேலைக்கு மனுப் போடுவதற்கோ நான் வீட்டில் கேட்டவளில்லை. முடிவு செய்துவிட்டுச் சொல்கிறவள்.

சுங்கை சிப்புட் திரும்பி, பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில் தே ஓ என்கிற பாலில்லாத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. அதே டாக்டர்.

“காலைல எடுத்த ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. உடனே எமர்ஜென்சிக்கு வாங்க.”

பொட்டாசியம் ஓர் உப்பு. தசையும் இதயமும் துடிப்பதற்கு அது வேண்டும். ஐந்தைத் தாண்டக்கூடாது; எனக்கு ஏழுக்குக் கிட்டே போயிருந்தது. அதிகமானால் இதயம் தாளம் தப்பும், நின்றும் போகலாம். வலி எதுவும் இருக்காது. எனக்கும் இல்லை. தே ஓ குடித்துக்கொண்டிருந்தேன்.

“ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் ஒடஞ்சிருக்கலாம் இல்லீங்களா? அப்படின்னா பொட்டாசியம் தப்பா கூடக் காட்டும்னு படிச்சிருக்கேன்,” என்றேன்.



“காட்டும். சரியாத்தான் சொல்றீங்க. ஆனா அத வீட்ல உக்காந்து கண்டுபிடிக்க முடியாது. வாங்க.”

அப்பா பாதி வேலையில் லோரியை விட்டுவிட்டுக் காடியில் வந்து ஏற்றிக்கொண்டார். அவருக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அந்த வாரம் முழுக்க அவர் ஓட்டிய நடைகள் குறைவு. வழியில் ஒரே ஒருமுறை, “நெஞ்சு அடைக்குதாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

மறுபடி எடுத்த ரத்தத்திலும் அதே அளவுதான். அணுக்கள் உடைந்திருக்கவில்லை. ஈசிஜி காகிதத்தில் கோடுகள் கூம்புகூம்பாக நின்றன. மெதுவாகக் கால்சியம் ஊசி போட்டார்கள்; அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காப்பாற்றி வைக்கும். தொண்டையிலிருந்து வயிறுவரை வெந்நீர் இறங்கியதுபோல் ஒரு சூடு. பிறகு இன்சுலினும் சர்க்கரை நீரும். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. இன்சுலின் ரத்தத்திலுள்ள பொட்டாசியத்தை அணுக்களுக்குள் தள்ளிவிடும் என்பதற்காக. குடிப்பதற்கு ஒரு மாவு. சுண்ணாம்பும் மணலும் கலந்ததுபோல் வாயில் ஒட்டியது. ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாருக்கோ நடப்பதைக் குறித்து வைத்துக்கொள்வதுபோல் இருந்தது. நெஞ்சில் ஒட்டிய வயர்களைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேனோ என்னவோ.

வார்டில் பக்கத்துக் கட்டில் சுசீலாக்கா. ஆயர் தாவார்க்காரர். வாரத்துக்கு மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் படுக்கிறவர். காய்ச்சல் என்று சேர்த்திருந்தார்கள்.

“இந்த வயசுல இங்க என்னா பாக்க வந்த?”

“சாப்பாடு நல்லா இருக்கும்னாங்க.”

“யாருலா சொன்னது? அவன இங்க கொண்டாந்து படுக்க வை,” என்றார். “வேல என்னா செய்யிற?”

“டீச்சர்க்கா. இனிமேதான் சேரணும். கணக்கு.”

“நல்லதாப் போச்சி. எம்மவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடு. கடைக்கு அனுப்புனா மீதிக் காசு சரியா வர்றதில்ல.”

“எத்தனாவது படிக்கிறான்?”

“படிக்கிறானா? அவனுக்கு நாப்பது வயசு.”

அன்றைக்கு நான் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

மறுநாள் மதியம் பார்வை நேரத்தில் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அம்மா பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார்.

“ஆஸ்பத்திரி சாப்பாடு சூடு. அப்பா காலையிலேயே வெட்டிக் குடுத்தாரு. ஐஸ்ல வச்சிக் கொண்டாந்தேன்.”

மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டும்போது டாக்டர் வந்தார்.

“என்னம்மா அது?”

“இளநி டாக்டர்,” என்றார் அம்மா. குரலில் ஒரு சந்தோஷம். “தெனமும் குடிப்பா. காலைல ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு. அவுங்கப்பாவே வெட்டிக் குடுப்பாரு. ஒருநாள் தவற மாட்டாரு.”

டாக்டர் அந்த மூடியை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார்.

“நாட்டு மருந்து எதுவும் எடுக்கலன்னு சொன்னீங்களே.”

“இது மருந்தில்லையே டாக்டர்,” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, நல்ல சிறுநீரகம் என்றால் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும், என்னுடையது தள்ளாது, புரதத்துக்காகக் கொடுத்த மாத்திரையும் பொட்டாசியத்தை உள்ளேயே பிடித்து வைக்கும், இரண்டும் சேர்ந்துவிட்டன. இதைத் தமிழில், அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “நீங்க நல்லது நெனச்சித்தான் குடுத்தீங்கம்மா. நாங்களும் கேட்டிருக்கணும்,” என்றும் சொன்னார்.

அம்மா பிளாஸ்க்கை மூடிப் பைக்குள் வைத்தார். சுசீலாக்கா போர்வையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த அப்பாவைக் காணோம்.

அதன் பிறகு பொட்டாசியம் இறங்கியது. ஆறுக்குக் கீழே, ஐந்துக்குக் கீழே. புரத ஒழுக்குக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். அம்மா கட்டிலில் உட்கார்ந்தே உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார்.

“இளநியாலதானாம்! வேற ஒண்ணுமில்ல. இப்ப விட்டாச்சி, எறங்கிருச்சி. ஆமா, ஆமா, சரியாயிருச்சி. முருகன் காப்பாத்திட்டாரு.”

ஒவ்வொரு போனிலும் அந்தச் செய்தி இன்னும் கொஞ்சம் நல்லதாகிக்கொண்டே போனது. கடைசியில் ஹுத்தான் மெலிந்தாங் சித்தியிடம் பேசும்போது நான் மறுநாளே பள்ளிக்கூடம் போகப்போகிறேன் என்றாகிவிட்டது. நான் திருத்தவில்லை. கிரியேட்டினின் இறங்கவில்லை. முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகவேதான் இருந்தது. டாக்டர் தினமும் பயாப்சியைப் பற்றிக் கேட்டார். வீட்டில் இன்னும் கேட்கவில்லை என்று தினமும் சொன்னேன். இளநீர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற கதை எனக்கும் வசதியாக இருந்தது. அதற்குள் கொஞ்ச நாள் இருந்துவிடலாம் போலிருந்தது.

அப்பா வரவில்லை. லோரி வேலை என்று அம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அம்மாவை யார் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று கேட்டபோது, ஆரஞ்சை உரிப்பதை நிறுத்திவிட்டு, பிறகு ஆரஞ்சும் கூடாது என்பது நினைவுக்கு வந்து அதைத் திரும்பப் பையில் போட்டார்.

“அப்பாதான்.”

“எங்க அவரு?”

“கீழ, காடிகிட்ட நிக்கிறாரு. தெனமும் வராரு. மேல வான்னா வரமாட்டேங்குறாரு.” அம்மா பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு பேசினார். “ஒழுங்கா சாப்புடுறதில்ல. எம்புள்ள கிட்னிய நாந்தான் கெடுத்தேன், வெட்டி வெட்டிக் குடுத்தேன்னு அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காரு. நானும் சொல்லிப் பாத்துட்டேன், அதான் எறங்கிருச்சில்லன்னு. கேக்கமாட்டேங்குறாரு.”

அப்பா கெடுக்கவில்லை. முதல் அறிக்கை இளநீருக்கு முந்தையது. அப்போதே முப்பத்திரண்டு. அதைச் சொன்னால் அப்பா மேலே வந்துவிடுவார். ஆனால் அதைச் சொன்னால், இளநீரை விட்டதால் எதுவும் தீரவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வழியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

அம்மாவை இருக்கச் சொல்லிவிட்டு மிஸியின் மேசைக்குப் போனேன். அங்கே வேலை முடிந்து, மின்தூக்கியில் கீழே இறங்கினேன். கையில் ஊசிக்குழாய் ஒட்டியிருந்தது. மருத்துவமனை உடையின் முதுகுப்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

வெயில் கொளுத்தியது. அப்பா காடியின் நிழலில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தார்.

“ஏன் கீழ வந்த? மிஸி திட்டப்போறாங்க.”

“நீங்க ஏன் மேல வர்ல?”

“காடிய இங்க விட்டா சம்மன் வச்சிருவான், அபராதம் கட்டணும்.”

“கோடு போட்ட எடத்துலதானே நிக்கிது.”

அப்பா கோட்டைப் பார்த்தார். கைத்தொலைபேசியில் இருந்த முதல் அறிக்கையை எடுத்து அவர் முன்னால் காட்டினேன். அந்த ஆங்கிலம் அவருக்குப் படிக்க வராது. தேதியை விரலால் தொட்டுக் காட்டினேன்.

“இது கிளினிக்ல மொதமொதல்ல எடுத்தது. அன்னிக்கு நீங்க ஒரு காய்கூட வெட்டல. அப்பவே கிட்னி மூணுல ஒரு பங்குதான் வேல செஞ்சிச்சி. இளநியால பொட்டாசியம் ஏறிச்சி, அது உண்ம. அது எறங்கிருச்சி. கிட்னிய நீங்க கெடுக்கலப்பா.”

“நான் இல்லியா?”

“நீங்க இல்ல.”

அவர் என் கையிலிருந்து கைத்தொலைபேசியை வாங்கி, அந்த எண்களைச் சற்று நேரம் பார்த்தார். தோள்கள் கொஞ்சம் இறங்கின. பிறகு நிமிர்ந்தார். நான் எதிர்பார்த்திருந்த கேள்வி வந்தது.

“அப்போ அது இன்னும் இருக்கா?”

“இருக்குப்பா.”

“எதனால?”

“தெரியல. ஊசி விட்டு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்.”

“அதுக்கு நம்மளக் கேக்கணும்னு அம்மா சொன்னா.” அப்பா கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். “எனக்கு என்னாம்மா தெரியும்? நீதானே எல்லாம் பாத்து செய்வ.”

“கேக்கலப்பா,” என்றேன். “இப்பதான் மேல அந்த ஊசிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வாரேன். நாளைக்குக் காலையில.”